விமானம் ஓட்டப் போன கிராணி மகன்

என் தாத்தாவுக்குக் கோபம் வந்தால் "பாகேரோ" என்று திட்டுவார். நல்ல மனநிலையில் இருந்தால் "இச்சி, நி, சான், சி" என்று ஜப்பான்காரன் கணக்கில் எண்ணிக் காட்டுவார். கெமோர் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி லயங்களை இடித்த பிறகு, ஜெலாப்பாங்கில் அப்பா வாங்கிய மலிவு விலை வீட்டின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தே கடைசிக் காலத்தை ஓட்டினார். ஏதாவது ஒரு விமானம் தலைக்குமேல் போனால் போதும், கதை ஆரம்பித்துவிடும்.

"எங்க தோட்டத்துக் கிராணி மவன் ஏரோப்பிளேன் ஓட்டப் படிக்க ஜப்பானுக்குப் போனான்டா. நேதாஜி அனுப்புனாரு. நானுந்தான் கையத் தூக்குனேன். ஏ பி சி டி சொல்லுன்னான். எனக்கு எங்க தெரியும்? போ, மண்வெட்டிய எடுன்னுட்டான்."

நாங்கள் சிரிப்போம். "இவரு ஓட்டியிருந்தா பிளேனு நேரா கள்ளுக்கடை வாசல்லதான் எறங்கியிருக்கும்" என்று பாட்டி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். தாத்தா எதுவும் பேசாமல் வேறு பக்கம் பார்ப்பார். 2009இல் அவர் இறந்தபோது எனக்கு 12 வயது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தக் கதையைப் பேசியதில்லை.

போன வருடம் தொழிற்சாலையில் எனக்கு இரவு ஷிப்ட். இயந்திரங்கள் ஒழுங்காக ஓடினால் பராமரிப்புப் பொறியாளனுக்குப் பெரிய வேலை இருக்காது. அப்படி ஓர் இரவில்தான் ரமேஷ் சக்காராம் பெனகல் எழுதிய 'பர்மா டு ஜப்பான் வித் ஆசாத் ஹிந்த்' என்ற நூலைப் படித்தேன். நேதாஜியின் ஆட்கள் பையன்களைப் பொறுக்கி, விமானிப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியது உண்மை. எழுதியவரே அப்படிப் போனவர்களில் ஒருவர். காலை ஏழு மணிக்கு மோட்டாரில் வீடு திரும்பும்போது எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது.

தாத்தா தமிழில் சொன்னதை நம்புவதற்கு எனக்கு ஏன் ஓர் ஆங்கிலப் புத்தகம் தேவைப்பட்டது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

விமானம் இல்லாத விமானப்படை

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1943 ஜூலை 2ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசை அறிவித்தார். அந்த அரசுக்கு அமைச்சர்கள் இருந்தார்கள், படை இருந்தது, பெண்களுக்கென்று ஜான்சி ராணிப் படை இருந்தது, பின்னால் ரங்கூனில் வங்கிகூட வந்தது. விமானம் மட்டும் இல்லை.

விமானம் இல்லாவிட்டாலும் விமானியை உருவாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது போஸின் கணக்கு. மலாயா, சிங்கப்பூர், பர்மா போன்ற இடங்களிலிருந்து பதின்ம வயதுப் பையன்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1944 வாக்கில் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார்கள். 'டோக்கியோ பாய்ஸ்', 'டோக்கியோ கேடட்ஸ்' என்று இவர்களுக்குப் பெயர். மொத்தம் 45 பேர் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. முதலில் ஜப்பானிய மொழி படிக்க வேண்டும், பிறகுதான் ராணுவப் பள்ளி. ஜப்பானியத் தரைப்படையின் அதிகாரிப் பள்ளி ஸாமாவில் இருந்தது. அதன் விமானப் பிரிவுக்கான பள்ளி சைத்தாமா மாநிலத்தில் தொயோக்காவில் இருந்தது. இன்று அது ஜப்பானிய வான்படையின் இருமா தளம்.

பையன்கள் போன நேரம்தான் மோசம். 1944இல் ஜப்பானுக்கு எண்ணெய் வரும் கடல்வழியை அமெரிக்க நீர்மூழ்கிகள் அறுத்துக்கொண்டிருந்தன. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் பெட்ரோல் வேண்டும். போரின் தொடக்கத்தில் ஒரு ஜப்பானிய விமானி பல நூறு மணி நேரம் பறந்து பழகிய பிறகுதான் சண்டைக்குப் போவான். கடைசி ஆண்டில் அதில் ஒரு சிறு பங்கு பறந்தவர்களையே அனுப்பினார்கள். பைன் மரத்தின் வேரைத் தோண்டியெடுத்துக் காய்ச்சி அதிலிருந்து விமான எரிபொருள் எடுக்க ஒரு தேசிய இயக்கமே நடந்தது. பள்ளிப் பிள்ளைகளும் வேர் தோண்டப் போனார்கள். சொந்தப் பிள்ளைகளுக்கே கொடுக்க எண்ணெய் இல்லாத நாட்டுக்கு நம்முடைய பிள்ளைகள் பறக்கக் கற்றுக்கொள்ளப் போனார்கள்.

1945 மார்ச் 9ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் விடியும்வரை டோக்கியோ எரிந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் செத்தார்கள். ஆகஸ்டு 15ஆம் தேதி சக்கரவர்த்தி வானொலியில் சரணடைவை அறிவித்தார். மூன்று நாள் கழித்துத் தைப்பேயில் ஒரு ஜப்பானியக் குண்டுவீச்சு விமானம் மேலெழும்போதே விழுந்து தீப்பிடித்தது. அதில் ஏற்பட்ட தீக்காயத்தில் போஸ் இறந்தார் என்பது அதிகாரபூர்வ வரலாறு. பையன்களைப் பறக்க அனுப்பியவரின் முடிவு ஒரு விமானத்தில்.

அதற்குப் பிறகு அந்தப் பையன்கள் நேச நாட்டுப் படைகளின் காவலில் இருந்தார்கள், விசாரிக்கப்பட்டார்கள், கடைசியில் விடுவிக்கப்பட்டார்கள். ஆசாத் ஹிந்த் கொடி போட்ட ஒரு போர் விமானத்தில் அவர்களில் ஒருவர்கூட ஏறவில்லை. அப்படி ஒரு விமானமே இருக்கவில்லை.

ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தவரின் புத்தகம்

பெனகல் 1926இல் ரங்கூனில் பிறந்தவர். 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் ஜப்பானியக் குண்டு விழுந்தபோது அவருக்கு 15 வயது. ஜப்பானிலிருந்து மீண்டு இந்தியாவுக்குப் போனவர், பிறகு இந்திய விமானப்படையில் சேர்ந்தார். 1971 போரில் வேவு விமானப் பிரிவுக்குத் தலைமை தாங்கியதற்காக மகாவீர் சக்ரா வாங்கினார். ஏர் கமடோராக ஓய்வுபெற்று 2003இல் இறந்தார். நூல் 2009இல்தான் அச்சாகி வந்தது, தாத்தா இறந்த அதே வருடம்.

நல்ல புத்தகம். அலட்டல் இல்லை. தன்னைப் பெரிய வீரனாகக் காட்டிக்கொள்ளும் அவசரம் இல்லை. இந்த வகை நினைவுக்குறிப்புகளில் வழக்கமாக வரும் "நேதாஜி மட்டும் இருந்திருந்தால்" என்ற பெருமூச்சும் குறைவு. ஆவணமாக அதன் மதிப்பில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இலக்கிய வாசகனாக எனக்கு ஒரு குறை இருக்கிறது. இது எல்லாம் முடிந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தவர் எழுதிய புத்தகம். பின்னால் வரப்போகும் ஏர் கமடோர் முன்னால் இருக்கும் பதினேழு வயதுப் பையனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறார். ஜப்பானில் பாதியில் நின்ற பயிற்சி, வேறொரு நாட்டின் விமானப்படையில் முழுமையடைந்துவிட்டது. அதனால் அந்தப் பாதியில் நின்றது என்ற உணர்வு புத்தகத்தில் காயமாக இல்லை, ஒரு கட்டமாக மட்டும் இருக்கிறது. கதைக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது.

முடிவு கிடைக்காதவன் கதை என்ன? மலாயாவுக்குத் திரும்பியவன் இருக்கிறான் அல்லவா? திரும்பி வந்தால் மறுபடியும் வெள்ளைக்காரன் ஆட்சி. 1948இல் அவசரகாலம் பிறந்துவிட்டது. மலாயாவுக்கென்று ஒரு விமானப்படை தொடங்கியதே 1958இல்தான். பதினெட்டு வயதில் ஜப்பானிய மொழியும் அணிவகுப்பும் விமான இயந்திரத்தின் உள்ளுறுப்புகளும் படித்துவிட்டு வந்தவன் இந்த மண்ணில் என்ன வேலை பார்த்திருப்பான்? அந்தப் படிப்பை யாரிடம் சொல்லியிருப்பான்? சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்? பெனகலின் புத்தகம் இந்தக் கேள்விகளுக்குப் பொறுப்பில்லை. அது நம்முடைய வேலை.

சயாமை நம்பினோம், டோக்கியோவை நம்பவில்லை

தாத்தாவின் அண்ணன் சயாமுக்குப் போனவர். திரும்பவில்லை. பெரிய தாத்தா என்று நாங்கள் சொல்வோம், ஒரு படம்கூடக் கிடையாது. ஆனால் அந்தக் கதையை வீட்டில் யாரும் கிண்டல் பண்ணியதில்லை. பாட்டிகூட அந்தப் பேச்சு வந்தால் அமைதியாகிவிடுவார்.

ஒரே வாய் சொன்ன இரண்டு கதை. ஒன்றுக்கு மரியாதை, இன்னொன்றுக்குச் சிரிப்பு. ஏன்?

சாவு சம்பந்தப்பட்டது என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமில்லை. சயாம் நம் நினைவில் எழுதப்பட்டிருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. இந்த நாவல்களைப் படிக்காதவர்களுக்கும் அவை வேலை செய்திருக்கின்றன. ஆசிரியர் வகுப்பில் சொல்வார், யாராவது மேடையில் பேசுவார், பத்திரிகையில் கட்டுரை வரும். ஒரு நாவல் வந்த பிறகு ஒரு கிழவரின் புலம்பல் வரலாறாகிவிடுகிறது. அப்படி ஒன்று வராதவரை அது வெறும் தாத்தா கதை.

ஐ.என்.ஏ.வைப் பற்றியும் தமிழில் நாவல் இல்லாமல் இல்லை. ரெங்கசாமியின் 'இமையத் தியாகம்' அதையே களமாகக் கொண்டது. ப. சிங்காரத்தின் இரண்டு நாவல்களும் அந்தப் போர்க்காலத்தில் நிற்பவை. இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், நான் வாசித்த தமிழ்ப் போர்க்கதைகளில் விமானம் பெரும்பாலும் கீழிருந்துதான் பார்க்கப்படுகிறது. அது வரும், இரையும், குண்டு போடும், நாம் வாய்க்காலில் படுப்போம். 1941 டிசம்பர் 11ஆம் தேதி பினாங்கில் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது சனங்கள் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள் என்பது வரலாறு. நம் கதைகள் இன்னும் அந்தத் தெருவில்தான் நிற்கின்றன. உள்ளே உட்கார்ந்து கீழே பார்க்கும் ஒரு தமிழ்க் கண் நம் புனைவில் எனக்குக் கிடைக்கவில்லை. டோக்கியோ கேடட் ஒருவனை நாயகனாக வைத்த தமிழ் நாவல் எதுவும் இதுவரை என் கைக்கு வரவில்லை.

இதற்கு எழுத்தாளர்களின் கற்பனைப் பஞ்சத்தைக் காரணம் சொல்வது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. ஏ பி சி டிதான் காரணம்.

மண் தமிழில், வானம் ஆங்கிலத்தில்

தோட்டத்தில் கிராணி என்பவர் ஆபீஸ் குமாஸ்தா. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்பவர். அவர் வீட்டில் ஆங்கிலம் இருக்கும், பிள்ளைகள் பட்டணத்துப் பள்ளிக்கூடம் போவார்கள். லயத்துப் பிள்ளை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் பால்வாளி தூக்கப் போகும். ஐ.என்.ஏ. இந்த இரண்டு பேரையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்தியது என்று பெருமையாகச் சொல்கிறோம். உண்மைதான், அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் விமானிப் பள்ளிக்கு ஆள் எடுக்கும்போது படிப்பு பார்த்துத்தான் எடுக்க முடியும். தாத்தா கை தூக்கியதும், ஏ பி சி டி கேட்டதும் நிஜமாகவே நடந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தொழிலாளி அந்தத் தேர்வை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது அந்த வரியில் முழுசாக இருக்கிறது.

போர் முடிந்த பிறகு நினைவும் அதே கோட்டில் பிரிந்துவிட்டது. படித்தவர்களின் நினைவு ஆங்கிலத்தில் போனது. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் 1927இல் நம்ம ஈப்போவில் பிறந்தவர். அவரது வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் வந்தது. பெனகல் எழுதியது ஆங்கிலத்தில். மலாயாத் தோட்டத்தையும் ஐ.என்.ஏ.வையும் ஒரே புனைவுக்குள் கொண்டுவந்த அமிதவ் கோஷின் 'தி கிளாஸ் பேலஸ்' (2000) ஆங்கிலத்தில். தொழிலாளியின் நினைவு தமிழில் நின்றது. மலேசியத் தமிழ் நாவல் பெரும்பாலும் லயத்திலிருந்தும் தமிழ்ப்பள்ளியிலிருந்தும் எழுந்து வந்தது, அதனால் அதற்கு மண் தெரியும், ரயில் தண்டவாளம் தெரியும், மரம் தெரியும். அதற்கு வானம் தெரியாமல் போனது இயல்பு.

என் தாத்தா மாதிரியான ஆட்கள்தான் இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள். தான் போகாத வானத்தை, வேறொருவன் மகன் போன வானத்தை, தமிழில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அதை வாங்கிக்கொள்ள வேண்டிய நாங்கள் சிரித்துவிட்டோம். இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். உள்ளூர் பல்கலைக்கழகத்தில் படித்து, பொறியாளர் என்று அட்டை மாட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் நான் இன்றைக்கு அந்தக் கிராணி மகன் இடத்தில்தான் இருக்கிறேன். தாத்தாவைத் தள்ளிவிட்ட அதே ஏ பி சி டியின் வழியாகத்தான் அவரை நம்ப ஆரம்பித்தேன்.

எழுதினால் எப்படி எழுதுவது?

இந்த விஷயத்தைக் கேட்டதும் யாராவது ஒரு வீரகாவியம் எழுதிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். 'வானத்தை வென்ற தமிழர்' என்று தலைப்பு வைத்து, போஸின் படத்தை அட்டையில் போட்டு, முன்னுரைக்கு ஓர் அரசியல்வாதியைப் பிடித்துவிடுவார்கள். அப்படி ஒரு நூல் வருவதைவிட வராமல் இருப்பது நல்லது.

ஏனென்றால் இந்தக் கதையின் பக்கத்திலேயே பெரிய தாத்தாவின் கதை இருக்கிறது. தேதியைப் பாருங்கள். சயாம் ரயில் பாதையின் இரண்டு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17ஆம் தேதி. சிங்கப்பூரில் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது அக்டோபர் 21ஆம் தேதி. இடையில் நாலே நாள். நம் ஆட்களைத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டில் சாகவிட்ட அதே ஜப்பான்தான், நம் பையன்களுக்குச் சீருடை கொடுத்து விமானப் பள்ளியில் சேர்த்தது. ஒரு நல்ல நாவல் இந்த இரண்டையும் ஒரே குடும்பத்துக்குள் வைக்கும். கேடட்டாகப் போன பையனுக்குச் சயாம் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது, தெரிந்தும் குனிந்து வணக்கம் சொன்னானா என்று கேட்கும். போஸ் அந்தப் பையன்களுக்குக் கடிதம் எழுதினார், தனக்கு மகன் இல்லாத குறையை அவர்கள் தீர்த்துவிட்டார்கள் என்ற பொருளில். உருக்கமான கடிதம்தான். அந்த நேரத்தில் வியன்னாவில் அவருக்கு இரண்டு வயது மகள் இருந்தாள். உருக்கத்தையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த எழுத்தாளர்தான் இதைத் தொடலாம்.

நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' 1959இலேயே இதற்கு வழி காட்டிவிட்டது. செல்லையா ஐ.என்.ஏ.விலிருந்து பினாங்குக்குத் திரும்புகிறான். முதலாளி வயிரமுத்துப் பிள்ளை தன் மகள் மரகதத்தை அவனுக்குத் தருவதாக இருந்தவர், இப்போது மறுக்கிறார். பட்டாளம் பார்த்தவன் கணக்குப் புத்தகத்துக்கு உதவமாட்டான் என்பது அவர் நியாயம். துப்பாக்கி பிடிக்கக் கற்றது அவனுக்குக் கடையிலும் உதவவில்லை, கல்யாணத்துக்கும் உதவவில்லை. 'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியன் பெரிய ஆளாகத் தெரிகிறான், எல்லோரும் அவனைத்தான் பேசுகிறோம். ஆனால் கற்ற வித்தைக்கு இடமில்லாமல் நிற்கும் செல்லையாதான் நம் டோக்கியோ பையனுக்குச் சொந்த அண்ணன்.

நான் தொழிற்சாலையில் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். எங்களிடம் ஒரு தாள் உண்டு, யார் எந்த இயந்திரத்தில் எத்தனை மணி நேரம் பழகினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மணி நேரம் நிறையாவிட்டால் அவர் அந்த இயந்திரத்தைத் தொடக்கூடாது. விமானிக்கும் அதே கணக்குதான், இன்னும் கடுமையாக. தேசபக்தி எவ்வளவு இருந்தாலும் மணி நேரம் நிறைய வேண்டும், அதற்கு எண்ணெய் வேண்டும். அதனால் எனக்கு அந்த நாவலில் முழக்கம் வேண்டாம். குளிர் வேண்டும். முதல்முறை பனியைப் பார்த்த ஈப்போப் பையனின் வெடித்த உதடு வேண்டும். எண்ணெய் வராத காலை வேண்டும், இன்றைக்கும் பறப்பது இல்லை என்று சொல்லும் பயிற்சியாளரின் முகம் வேண்டும். நிறையாத அந்த மணி நேரத்தாள் வேண்டும். பிறகு அவன் ஊர் திரும்பி, ஐஞ்சடியில் உட்கார்ந்து, தலைக்குமேல் போகும் விமானத்தின் சத்தத்தைக் கேட்டு என்ன இயந்திரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வது வேண்டும்.

போன தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது பெனகல் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் காட்டினேன். பாட்டிக்கு இப்போது 91 வயது, காது மந்தம். அட்டையைத் தடவிப் பார்த்தார். "தாத்தா சொன்னது நெசந்தான் பாட்டி. பையனுங்க போயிருக்கானுங்க" என்று காதருகில் சத்தமாகச் சொன்னேன்.

"தெரியும்டா" என்றார். "அந்தக் கிராணியம்மா தெனமும் சாயங்காலம் வாசல்ல வந்து நின்னு மேல பாத்துக்கிட்டு இருக்கும். நான் சின்னப் புள்ள, பாத்திருக்கேன்."

"பின்ன ஏன் பாட்டி தாத்தாவை அப்படிக் கிண்டல் பண்ணீங்க?"

பாட்டி புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அவரு அதையே நெனச்சுக்கிட்டு இருப்பாருடா. நாலு மணிக்கு எந்திரிச்சு மரத்துக்குப் போகணும்ல."